அறுபது பேர் மனம் மாறியிருந்தால்...



“அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா” என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. நடவாத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு வீண்பேச்சுப் பேசுவோரைக் கேலி செய்ய நம் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். தோட்டப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் எனக்கு, இந்தப் பழமொழியின் கருத்து ஒருநாள் வகுப்பறையிலேயே எதிரே வந்து நின்றது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மலாக்கா வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “1511ஆம் ஆண்டில் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று ஒரு மாணவியைக் கேட்டேன். அவள் யோசித்து விடை சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், “அதான் விழுந்திருச்சே சார்! நடக்கணும்னு எழுதியிருந்தா நடந்துதானே ஆகும்னு எங்க தாத்தா சொல்வாரு” என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் மாலையில் வீடு திரும்பும்போது அந்தச் சொல் என்னை விடவில்லை. மலாக்காவைப் பற்றி மட்டும் அவன் அப்படி நினைத்தால் பெரிய குறையில்லை. தன் படிப்பைப் பற்றியும் தன் வாழ்வைப் பற்றியும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது?

ஆகவே, ‘அப்படி நடந்திருந்தால்?’ என்ற கேள்வி வீண்பேச்சா, அல்லது வரலாற்றைக் கற்க உதவும் ஒரு கருவியா என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். இதற்கு நமக்கு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஓர் இடம் வேண்டும். அப்பொழுதுதான் நிதானமாகக் கணக்குப் போட முடியும். அத்துடன் எண்கள் துல்லியமாகக் கிடைக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்திய ஒரு நிகழ்ச்சி 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது. பதவியில் இருந்த அதிபரை அவருடைய சொந்தக் கட்சிக்காரரே எதிர்த்து நின்ற போட்டி அது.

முதலில் அந்நாட்டு முறையைச் சற்று விளக்கிவிடுகிறேன். நம் நாட்டில் தேர்தலில் யார் நிற்பது என்பதைப் பெரும்பாலும் கட்சித் தலைமையே முடிவு செய்கிறது. அமெரிக்காவில் அப்படியன்று. அதிபர் தேர்தலுக்கு முன்பு, கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்யவே தனியாக ஒரு தேர்தல் நடக்கிறது. இதனை முதனிலைத் தேர்தல் என்பர். மாநிலம் மாநிலமாக, மாதக் கணக்கில் இது நடைபெறும். முதனிலைத் தேர்தல் இல்லாத மாநிலங்களில் கட்சிக் கூட்டங்கள் வழியே முடிவெடுப்பார்கள். இவற்றின் மூலம் தேர்ந்தெடுக்கப்படும் பேராளர்கள் கோடைக்காலத்தில் தேசிய மாநாட்டில் கூடி வாக்களிப்பார்கள். பெரும்பான்மை பெற்றவரே வேட்பாளர். பதவியில் உள்ள அதிபராக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

1976இல் அதிபராக இருந்தவர் ஜெரால்டு ஃபோர்டு. இவர் பதவிக்கு வந்த விதமே விந்தையானது. 1973ஆம் ஆண்டில் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ பதவி விலகினார். அந்த இடத்திற்கு ஃபோர்டை அதிபர் நிக்ஸன் நியமித்தார். காங்கிரஸ் சபை ஒப்புதல் அளித்தது. 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9ஆம் நாள், வாட்டர்கேட் ஊழலால் நிக்ஸனும் பதவி விலகினார். ஃபோர்டு அதிபரானார். துணை அதிபராகவோ அதிபராகவோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஒருவர் அந்நாட்டை ஆண்டது அதுவே முதல் முறை. அடுத்த மாதமே அவர் நிக்ஸனுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். நாட்டின் காயம் ஆற வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் மக்களிடம் அவருக்கிருந்த நன்மதிப்பு பெரிதும் சரிந்தது.

அவரை எதிர்த்து நின்றவர் ரொனால்டு ரேகன். திரைப்பட நடிகராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1967 முதல் 1975 வரை கலிஃபோர்னியா மாநிலத்தின் ஆளுநர். 1975ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20ஆம் நாள் தம் போட்டியை அறிவித்தார். ஃபோர்டு சோவியத் நாட்டிடம் மென்மையாக நடந்துகொள்கிறார் என்பது அவர் கூறிய முக்கியக் குற்றச்சாட்டு.

நேயர்களே, இனி போட்டியைக் காண்போம். 1976 பிப்ரவரி 24ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தில் முதல் முதனிலைத் தேர்தல். நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். ஃபோர்டு வென்றது இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில்தான். ஆனால் வெற்றி வெற்றியே அல்லவா? தொடர்ந்து மாசசூசெட்ஸ், வெர்மாண்ட், ஃபுளோரிடா, இல்லினாய்ஸ் என நான்கு மாநிலங்களிலும் ஃபோர்டே வென்றார். ரேகன் அணியில் கையிருப்பு கரைந்து கடன் ஏறியது. விலகிக்கொள்ளுங்கள் என்று கட்சிக்குள்ளிருந்தே குரல்கள் எழுந்தன. அவருடைய முகாமிலேயே அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது.

மார்ச் 23ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தின் முறை. அங்கே ரேகனுக்குத் துணை நின்றவர் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ். ரேகன் நேரடியாக மக்களிடம் பேசிய அரைமணி நேரப் பேச்சை அம்மாநிலத் தொலைக்காட்சி நிலையங்களில் ஒளிபரப்பச் செய்தார்கள். பனாமா கால்வாயைப் பனாமா நாட்டிடம் ஒப்படைக்கக் கூடாது என்ற முழக்கம் மக்களைக் கவர்ந்தது. நூற்றுக்கு 52 பேர் ரேகனுக்கு வாக்களித்தனர். தோற்றுக்கொண்டே வந்தவர் முதன்முறையாக வென்றார். மே மாதம் முதல் நாள் டெக்ஸஸ் மாநிலத்தில் அவருக்கு மாபெரும் வெற்றி. பிறகு ஒரு வாரம் இவர், மறுவாரம் அவர் என்று ஊஞ்சல் ஆடிற்று. முதனிலைத் தேர்தல்கள் எல்லாம் முடிந்தபோது, இருவரில் எவருக்கும் உறுதியான பெரும்பான்மை இல்லை.

ஆகஸ்டு மாதம் கன்ஸாஸ் நகரில் மாநாடு கூடியது. மொத்தப் பேராளர்கள் 2,259 பேர். வெற்றிக்கு வேண்டியவை 1,130 வாக்குகள். ஃபோர்டு பெற்றவை 1,187. ரேகன் பெற்றவை 1,070.

இந்த இடத்தில் என் மாணவர்களிடம் நான் கேட்கும் கணக்கை உங்களிடமும் கேட்கிறேன். ரேகன் வெல்வதற்கு எத்தனை பேர் மனம் மாறியிருக்க வேண்டும்? வித்தியாசம் 117 என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் விடை அதுவன்று. 1,070ஐ 1,130 ஆக்க 60 பேர் போதும். ஒரு பெரிய நாட்டின் ஆளுங்கட்சி வேட்பாளரை 60 பேர் மாற்றியிருக்க முடியும். எங்கள் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளில் அவர்களை உட்கார வைத்துவிடலாம்.

இந்த 60 பேரைத் தேடி வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் மிசிசிப்பி மாநிலத்திற்குச் செல்வார்கள். அங்கே 30 பேராளர்கள். மனத்தால் ரேகன் பக்கம் சாய்ந்திருந்தவர்கள் பலர். ஆனால் மாநாட்டிற்கு முன்பே ரேகன் ஒரு காரியம் செய்தார். வடகிழக்கு மாநிலங்களின் ஆதரவைப் பெற எண்ணி, தாம் வென்றால் பென்சில்வேனியாவைச் சேர்ந்த செனட்டர் ரிச்சர்டு ஷ்வைக்கரே துணை அதிபர் வேட்பாளர் என்று அறிவித்தார். ஷ்வைக்கர் தாராளப் போக்குடையவர். மிசிசிப்பிக்காரர்கள் சினம் கொண்டார்கள். அவர்களில் பலர் ஃபோர்டுக்கே வாக்களித்தனர். அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் ரேகன் வென்றிருப்பார் என்று சொல்வோர் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 30 பேரும் ரேகன் பக்கம் நின்றிருந்தால்கூட அவருக்கு வேண்டிய 1,130 வாக்குகள் கிடைத்திருக்காது. ரேகனுக்குத் தேவைப்பட்டது ஒரு மிசிசிப்பியன்று, இரண்டு மிசிசிப்பி. எனினும் மாநாட்டில் எண்கள் மட்டும் பேசுவதில்லை. ஒரு மாநிலம் சாய்ந்தால் அருகில் இருப்பவர்களும் அசைவார்கள். ஆகவே நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது; நடந்திருக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது.

நேயர்களே, ‘அப்படி நடந்திருந்தால்?’ என்று கேட்பதற்கு மூன்று ஒழுங்குமுறைகளை நான் என் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். முதலாவது, மாற்றம் சிறியதாகவும் அக்காலத்தில் உண்மையாகவே நடக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அத்தைக்கு மீசை முளைக்காது. ஆனால் 60 பேராளர்கள் மனம் மாறுவார்கள். இரண்டாவது, ஒன்றை மாற்றிவிட்டால் மற்றவற்றை அவற்றின் போக்கிலேயே விட்டுவிட வேண்டும். மூன்றாவது, நம் ஆசை நிறைவேறிய இடத்தில் கதையை நிறுத்திவிடக் கூடாது. அதற்கு அப்பாலும் நடந்து பார்க்க வேண்டும்.

இம்மூன்றையும் கைக்கொண்டு நடப்போம். 60 பேர் மனம் மாறினார்கள். ரேகன் 1976இல் வேட்பாளரானார் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் அவருக்கு எதிரே நிற்பவர் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர். உண்மையில் நடந்த தேர்தலில், மாநிலங்களின் கணக்குப்படி கார்ட்டருக்கு 297 தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன. ஃபோர்டு வென்ற மாநிலங்களின் கூட்டுத்தொகை 241. வெற்றிக்கு வேண்டியவை 270.

ஃபோர்டு வென்ற மாநிலங்கள் அனைத்தையும் ரேகன் காப்பாற்றிக்கொண்டு, தெற்கில் கார்ட்டர் சிறு வித்தியாசத்தில் வென்ற டெக்ஸஸ், மிசிசிப்பி இரண்டையும் பறித்திருந்தால்? டெக்ஸஸ் 26, மிசிசிப்பி 7. ஆக 274. ரேகன் அதிபர்! ஆனால் இரண்டாம் ஒழுங்குமுறையை மறவாதீர்கள். மிச்சிகன் மாநிலம் ஃபோர்டின் சொந்த ஊர். அதன் 21 வாக்குகளை ரேகனாலும் பெற்றிருக்க முடியுமா? முடியாமற் போனால் 253தான். கார்ட்டரே அதிபர். பாதை இரண்டாகப் பிரிகிறது. நாம் இரண்டிலும் நடந்து பார்க்க வேண்டும்.

முதற் பாதை: ரேகன் 1976 நவம்பரில் தோற்கிறார். அப்படித் தோற்றவருக்கு 69ஆவது வயதில் கட்சி மீண்டும் வாய்ப்பளிப்பது அரிது. அவர் கதை அங்கேயே முடிந்திருக்கக்கூடும்.

இரண்டாம் பாதை: ரேகன் வென்று 1977 ஜனவரி 20ஆம் நாள் அதிபராகிறார். சில காரியங்கள் மாறியிருக்கும். பனாமா கால்வாயை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கார்ட்டர் 1977 செப்டம்பரில் கையெழுத்திட்டார். 1999ஆம் ஆண்டின் கடைசி நாளில் கால்வாய் பனாமாவின் கைக்குச் சென்றது. ரேகன் அந்தக் கையெழுத்தை எளிதில் போட்டிருக்க மாட்டார். ஆனால் ஈரானில் 1979ஆம் ஆண்டு எழுந்த புரட்சி அமெரிக்காவில் யார் அதிபர் என்று கேட்டுக்கொண்டு எழவில்லை. எண்ணெய் விலை ஏற்றமும், 1980இல் நூற்றுக்கு 13ஐத் தாண்டிய பணவீக்கமும் கார்ட்டரை வாட்டியதுபோல் ரேகனையும் வாட்டியிருக்கும். 1980இல் கார்ட்டரை வீழ்த்திய அந்தச் சுமை ரேகனையே வீழ்த்தியிருக்கலாம்.

சரி, அந்தச் சுமையையும் தாங்கி அவர் 1980இல் மீண்டும் வென்றார் என்றே வைத்துக்கொள்வோம். இதைவிட நல்ல அதிர்ஷ்டம் அவருக்கு இல்லை. அமெரிக்க அரசியல் சட்டப்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. எனவே 1985ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் அவர் பதவியிலிருந்து இறங்கிவிடுவார்.

அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சரியாக 50ஆவது நாள், 1985 மார்ச் 11ஆம் நாள், மாஸ்கோவில் மிகாயில் கோர்பச்சேவ் சோவியத் நாட்டின் தலைமைக்கு வந்தார்.

உண்மையில் நடந்தது என்ன? 1976இல் தோற்ற ரேகன் 1980இல் 44 மாநிலங்களிலும், 1984இல் 49 மாநிலங்களிலும் வென்றார். அதனால்தான் கோர்பச்சேவ் வந்தபோது எதிரே அமர்ந்து பேசும் இடத்தில் ரேகன் இருந்தார். 1985 நவம்பரில் ஜெனீவாவிலும், 1986 அக்டோபரில் ரெய்க்யவிக்கிலும் இருவரும் சந்தித்தனர். 1987 டிசம்பர் 8ஆம் நாள் வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அதன்படி 1991ஆம் ஆண்டுக்குள் தரையிலிருந்து ஏவப்படும் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. அந்த ஒப்பந்தம் என்றென்றும் நிலைக்கவில்லை. 2019இல் அமெரிக்கா அதிலிருந்து விலகிக்கொண்டது. ஆயினும் அழிந்த ஏவுகணைகள் அழிந்தவையே.

1976இல் ரேகன் விரும்பியபடி எல்லாம் நடந்திருந்தால், அந்த மேசையில் அவர் இருந்திருக்க முடியாது. வேறோர் அதிபர் கோர்பச்சேவுடன் அதே உடன்பாட்டைக் கண்டிருக்கலாம், காணாமலும் போயிருக்கலாம். ஆனால் ரேகன் கண்டிருக்க மாட்டார். இதை என் கற்பனை சொல்லவில்லை, நாட்காட்டி சொல்கிறது.

இதில் இன்னும் ஒரு செய்தி. கன்ஸாஸ் நகர மாநாட்டின் கடைசி இரவில், வென்ற ஃபோர்டு தோற்ற ரேகனை மேடைக்கு அழைத்தார். ரேகன் கையில் குறிப்பின்றிச் சில நிமிடங்கள் பேசினார். நூறாண்டு கழித்துத் திறக்கப்படும் பெட்டகம் ஒன்றில் வைக்க ஒரு கடிதம் எழுதித் தரும்படி தம்மை யாரோ கேட்டதை நினைவு கூர்ந்தார். அணு ஏவுகணைகளை ஒருவர்மீது ஒருவர் குறிவைத்து நிற்கும் உலகில் நாம் வாழ்கிறோம். அவை ஏவப்பட்டனவா இல்லையா என்பது அந்தக் கடிதத்தைப் படிப்போருக்குத் தெரிந்திருக்கும் என்னும் பொருள்பட அவர் பேசினார். தோற்ற இரவில் அவர் கவலைப்பட்டது எதைப் பற்றியோ, அதைப் பற்றித்தான் 11 ஆண்டுகளுக்குப் பின் அவர் கையெழுத்திட்டார்.

இதைக் கேட்டுவிட்டு, “ஆக எல்லாம் நன்மைக்கே” என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஃபோர்டின் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். சொந்தக் கட்சிக்காரரோடு ஆகஸ்டு மாதம் வரை போராடிக் களைத்த பிறகே அவர் கார்ட்டரைச் சந்தித்தார். தொடக்கத்தில் மிகவும் பின்தங்கியிருந்தவர் கடைசியில் வெகு அருகில் வந்துவிட்டார். ஓஹாயோ மாநிலத்தில் சுமார் 11,000 வாக்குகளும் ஹவாயில் சுமார் 7,000 வாக்குகளும் வித்தியாசம். இவ்விரண்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தால் 25உம் 4உம் சேர்ந்து சரியாக 270! ரேகன் போட்டியிடாமல் இருந்திருந்தால் ஃபோர்டு வென்றிருப்பாரோ என்ற கேள்வி இன்றும் நிற்கிறது. 1980இல் கார்ட்டரை அவர் கட்சியின் எட்வர்டு கென்னடி எதிர்த்தார். 1992இல் ஜார்ஜ் புஷ்ஷை அவர் கட்சியின் பாட்ரிக் புக்கானன் எதிர்த்தார். மூவரும் கட்சிக்குள் வென்றார்கள்; நாட்டில் தோற்றார்கள். உட்பகை வீட்டை இளக்கிவிடும் என்பதா, அல்லது ஏற்கெனவே இளகிய வீட்டில்தான் உட்பகை தோன்றும் என்பதா? இரண்டிலும் உண்மை உண்டு. ஃபோர்டு மறுபடியும் அதிபராகவே இல்லை. எல்லாத் தோல்வியும் வெற்றிக்குப் படிக்கட்டு ஆகிவிடுவதில்லை.

பிறகு ஏன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்? எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது எனக்கு இடம் கிடைக்கவில்லை. பால்மரம் சீவி என்னைப் படிக்க வைத்த என் தந்தையார், “உன் தலையெழுத்து அவ்வளவுதான்” என்று வருத்தத்தோடு சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ட வாழ்வு அப்படி. அந்த ஓராண்டு ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக வேலை பார்த்தேன். மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தேன்; இடம் கிடைத்தது. பயிற்சி முடிந்ததும் எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்டார்கள். தோட்டப் பள்ளி என்று எழுதிக் கொடுத்தேன். முதல் முறையே இடம் கிடைத்திருந்தால் நான் பட்டணத்துப் பள்ளி ஒன்றைக் கேட்டிருப்பேன். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தோல்வி நல்லது என்று நான் சொல்லவில்லை. அன்று நான் பட்ட வேதனை வேதனைதான். ஆனால் அது தலையெழுத்தும் அன்று. வட கரோலினாவில் ரேகன் விலகியிருந்தால் 1980 என்ற கேள்வியே எழுந்திருக்காது. அவர் விலகவில்லை, அது அவர் எடுத்த முடிவு. மாநாட்டில் 60 பேர் மாறவில்லை. அது அவர்கள் எடுத்த முடிவு. கோர்பச்சேவ் வந்தது அவர்களில் எவர் கையிலும் இல்லை. வரலாறு என்பது இந்த மூன்றும் கலந்தது: நம் முடிவு, பிறர் முடிவு, யார் கையிலும் இல்லாத காலம். இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் ‘அப்படி நடந்திருந்தால்?’ என்ற கேள்வி உதவுகிறது. எல்லாவற்றையும் தலையெழுத்து என்பவன் தன் பங்கைச் செய்யாமல் விட்டுவிடுகிறான். எல்லாம் என் கையில் என்பவன், ஈரானும் எண்ணெயும் வந்து மோதும்போது உடைந்து போகிறான்.

மறுவாரம் அதே வகுப்பில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். 1,130லிருந்து 1,070ஐக் கழித்து 60 என்று எழுதியதும், அந்தப் பின்வரிசை மாணவன் கையைத் தூக்கினான். “சார், அந்த அறுபது பேருக்கும் அன்னைக்கு இது தெரியுமா?” என்று கேட்டான்.

தெரிந்திருக்காது என்று சொன்னேன். எந்த முடிவை எடுக்கும்போதும் அது எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரிவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு முடிவையும் யோசித்து எடுக்க வேண்டியிருக்கிறது என்றேன். அவன் தலையசைத்துக்கொண்டே அந்த எண்ணைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் ‘அப்படி நடந்திருந்தால்?’ என்று கேட்டால் அத்தையையும் மீசையையும் சொல்லி வாயடைத்துவிடாதீர்கள். உட்கார வைத்து, எதனால் அப்படி நினைக்கிறாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் வரலாறும் தொடங்குகிறது. தன் வாழ்வைத் தானே எண்ணிப் பார்க்கும் பழக்கமும் தொடங்குகிறது.